ஆங்கில ஒருபொருட்சொற்களும் எதிர்ச்சொற்களும்

ஆங்கில ஒருபொருட்சொற்கள் என்பவை, ஆங்கில மொழியில் ஒரே பொருளையோ ஏறத்தாழ ஒரே பொருளையோ தரும் வெவ்வேறு சொற்கள் ஆகும். ஒன்றுக்கொன்று முரணான பொருள் தரும் சொற்கள் எதிர்ச்சொற்கள் எனப்படுகின்றன. ஆங்கிலத்தில் இவை முறையே சினனிம், ஆன்டனிம் என அழைக்கப்படுகின்றன. தெரிந்த ஒரு சொல்லைப் பற்றுக்கோடாகக் கொண்டு தெரியாத சொற்களை அறிய உதவுவதால், ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கும் வழிகளுள் ஒன்றாக இவை பள்ளிகளிலும் போட்டித் தேர்வுகளிலும் நீண்டகாலமாகப் பயன்பட்டு வருகின்றன. எனினும், ஒரே வரிசையில் இடம்பெறும் இரு சொற்கள் எல்லா இடங்களிலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக நிற்பது அரிது. ஆகவே எச்சொற்கள் ஒத்தவை என்பதோடு, அவை எங்கே வேறுபடுகின்றன என்பதையும் அறிவது இன்றியமையாததாகும்.

வரலாற்றுக் காரணம்

ஆங்கிலத்தில் ஒருபொருட்சொற்கள் மிகுந்திருப்பதற்கு அம்மொழியின் வரலாறே முதன்மைக் காரணமாகும். 1066 ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், அரசவையிலும் ஆட்சியிலும் பிரெஞ்சு மொழி செல்வாக்குப் பெற்றது. பொதுமக்கள் பழைய ஆங்கிலச் சொற்களையே தொடர்ந்து வழங்கினர். பின்னர் மறுமலர்ச்சிக் காலத்தில் இலத்தீன், கிரேக்க மொழிகளில் இருந்து ஏராளமான சொற்களை அறிஞர்கள் எடுத்தாண்டனர். இதனால் ஒரே கருத்துக்கு மூன்று அடுக்குகளில் சொற்கள் அமைந்தன.

* கேட்டல்: ஆஸ்க் (பழைய ஆங்கிலம்), குவெஸ்ச்சன் (பிரெஞ்சு), இன்டெரகேட் (இலத்தீன்)
* ஏறுதல்: ரைஸ், மவுண்ட், அசென்ட்
* அரசுக்குரிய: கிங்லி, ராயல், ரீகல்

பொதுவாக முதல் அடுக்குச் சொற்கள் அன்றாடப் பேச்சுக்கும், இறுதி அடுக்குச் சொற்கள் ஏட்டு நடைக்கும் உரியவை. வழி கேட்பதற்கு 'ஆஸ்க்' பொருந்தும். காவல் துறையினர் ஒருவரைத் துருவித் துருவி விசாரிப்பதற்கே 'இன்டெரகேட்' பொருந்தும்.

ஒருபொருட்சொற்களுக்கு இடையிலான வேறுபாடுகள்

ஒருபொருட்சொற்கள் பெரும்பாலும் நான்கு வகையில் வேறுபடுகின்றன.

* மதிப்பீடு: 'த்ரிஃப்டி', 'ஸ்டிஞ்சி' ஆகிய இரண்டும் குறைவாகச் செலவிடுவதைக் குறித்தாலும், முன்னது சிக்கனம், பின்னது கஞ்சத்தனம். 'ஃபேமஸ்', 'நொட்டோரியஸ்' ஆகிய இரண்டும் பலராலும் அறியப்பட்ட நிலையைக் குறிப்பவை. ஆனால் பின்னது தீய செயலால் பெயர் பெற்றவருக்கே உரியது. தலைமையாசிரியரைப் புகழ எண்ணும் மாணவர் இச்சொல்லை எழுதினால் புகழுரை பழியுரையாகிவிடும்.
* நடை: 'பை', 'பர்ச்சேஸ்' ஆகிய இரண்டுக்கும் வாங்குதல் என்பதே பொருள். முதலாவது பேச்சிலும் இரண்டாவது அலுவல் எழுத்திலும் மிகுதியாக வரும்.
* சொற்சேர்க்கை: 'ஸ்ட்ராங்', 'பவர்ஃபுல்' ஆகியவை வலிமையைக் குறிப்பவை. எனினும் 'ஸ்ட்ராங் டீ' என்பதே வழக்கு. 'பவர்ஃபுல் டீ' என்று கூறுவதில்லை. கனமழை 'ஹெவி ரெயின்' எனப்படுமே அன்றி 'ஸ்ட்ராங் ரெயின்' எனப்படுவதில்லை.
* இலக்கண அமைப்பு: 'லெட்', 'பெர்மிட்' ஆகியவை அனுமதித்தலைக் குறிப்பவை. 'லெட் ஹிம் கோ' என்பதில் 'டு' வராது. 'பெர்மிட் ஹிம் டு கோ' என்பதில் வரவேண்டும்.

தமிழிலும் இத்தகைய நுட்பம் உண்டு. களிறு, பிடி ஆகிய இரண்டும் யானையைக் குறித்தாலும், களிறு ஆண் யானையையும் பிடி பெண் யானையையும் சுட்டும்.

எதிர்ச்சொற்களின் வகைகள்

மொழியியலாளர் எதிர்ச்சொற்களைப் பொதுவாக மூன்று வகைகளாகப் பிரிப்பர்.

* படிநிலை எதிர்ச்சொற்கள்: இவற்றுக்கு இடையே வேறு நிலைகள் உண்டு. 'ஹாட்', 'கோல்ட்' ஆகியவற்றுக்கு இடையே 'வார்ம்', 'கூல்' ஆகியவை உள்ளன. ஆகவே 'ஹாட் அல்ல' என்பதால் 'கோல்ட்' என்று ஆகிவிடாது.
* நிரப்பு எதிர்ச்சொற்கள்: இவற்றில் இடைநிலை இல்லை. 'அலைவ்' இல்லையெனில் 'டெட்'.
* உறவு எதிர்ச்சொற்கள்: இவை ஒரே நிகழ்வை இரு பக்கங்களில் இருந்து கூறுபவை. ஒருவர் விற்கும்போது ('செல்') மற்றொருவர் வாங்குகிறார் ('பை').

ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள் இருப்பின் எதிர்ச்சொல்லும் பொருளுக்கு ஏற்ப மாறும். 'லைட்' என்பது வெளிச்சமான நிறத்தைக் குறித்தால் அதன் எதிர்ச்சொல் 'டார்க்'. எடை குறைவைக் குறித்தால் 'ஹெவி'. 'ஓல்ட்' என்பதன் எதிர்ச்சொல் மனிதருக்கு 'யங்', பொருளுக்கு 'நியூ'.

முன்னொட்டுகள்

'அன்', 'இன்', 'டிஸ்' ஆகிய முன்னொட்டுகளைச் சேர்த்துப் பல எதிர்ச்சொற்கள் ஆக்கப்படுகின்றன. இவற்றுள் 'இன்' என்பது அடுத்து வரும் ஒலிக்கு ஏற்பத் திரியும்: 'லீகல் – இல்லீகல்', 'பாசிபிள் – இம்பாசிபிள்', 'ரெகுலர் – இர்ரெகுலர்'.

முன்னொட்டை மட்டும் நம்பிப் பொருள் கொள்வது சில இடங்களில் தவறாகும். 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பற்றது அன்று, மதிப்பிட இயலாத அளவு சிறந்தது. 'அன்இன்டரஸ்டட்' என்றால் ஆர்வமற்றவர். 'டிஸ்இன்டரஸ்டட்' என்றால் பொதுவாகத் தன்னலச் சார்பற்ற நடுவர். இந்தியாவில் எரிபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிகளில் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். இதற்கு எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே பொருள். 'ஃபிளேமபிள்' என்பதற்கும் அதே பொருள். தீப்பற்றாதது 'நான்ஃபிளேமபிள்' எனப்படும். இங்கு 'இன்' என்பதை எதிர்மறையாகக் கொள்வது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

நூல்களும் தரவுத்தளங்களும்

எசுத்தர் பியோசி 1794 இலும் சார்ச்சு கிராப் 1816 இலும் வெளியிட்ட ஆங்கில ஒருபொருட்சொல் நூல்கள், சொற்களுக்கு இடையிலான வேறுபாட்டை விளக்குவனவாக அமைந்தன. இவற்றில் இருந்து மாறுபட்ட நூல், பீட்டர் மார்க் ரொசே (1779–1869) தொகுத்த தெசாரசு ஆகும். மருத்துவரான இவர் 1805 இல் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகச் சொற்பட்டியல் ஒன்றை உருவாக்கினார். அதனை விரிவாக்கி 1852 இல் தம் 73 ஆம் அகவையில் வெளியிட்டார். இந்நூலில் சொற்கள் அகரவரிசையில் அன்றி, 6 வகுப்புகளின் கீழ் 1000 தலைப்புகளில் கருத்து அடிப்படையில் தொகுக்கப்பட்டன. முரணான தலைப்புகள் அருகருகே இரு பத்திகளாக அச்சிடப்பட்டன. சொற்களுக்குப் பொருள் விளக்கம் தரப்படவில்லை. சொற்களை ஏற்கெனவே அறிந்தவருக்கு நினைவூட்டுவதே இந்நூலின் பணியாகும்.

கருத்து அடிப்படையில் சொற்களைத் தொகுப்பது இந்தியாவில் பழமையான மரபாகும். சமற்கிருத அமரகோசமும், தமிழில் 12 தொகுதிகள் கொண்ட திவாகரம் முதலிய நிகண்டுகளும் இம்முறையில் அமைந்தவை. செராம்பூரில் 1808 இல் அச்சான கோல்புரூக்கின் அமரகோச மொழிபெயர்ப்பை ரொசே தம் முன்னுரையில் குறிப்பிட்டுள்ளார்.

கணினிக் காலத்தில், பிரின்சுடன் பல்கலைக்கழகத்தில் சார்ச்சு மில்லர் தலைமையில் 1985 இல் தொடங்கப்பட்ட வேர்ட்நெட் என்னும் தரவுத்தளம் குறிப்பிடத்தக்கது. இதில் ஒருபொருட்சொற்கள் குழுக்களாகத் தொகுக்கப்பட்டுள்ளன. ஆனால் எதிர்ச்சொல் உறவு குழுக்களுக்கு இடையே அன்றித் தனிச்சொற்களுக்கு இடையே தரப்பட்டுள்ளது. 'பிக்', 'லார்ஜ்' ஆகியவை ஒரே பொருள் தந்தாலும், 'பிக்' என்பதற்கு 'லிட்டில்', 'லார்ஜ்' என்பதற்கு 'ஸ்மால்' என்பனவே இயல்பான இணைகளாக இருப்பது இதற்குக் காரணம்.

தேர்வுகளில்

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்விலும், இந்தியாவின் பல போட்டித் தேர்வுகளிலும் ஒருபொருட்சொல், எதிர்ச்சொல் வினாக்கள் இடம்பெறுகின்றன. அமெரிக்காவின் எசு.ஏ.டி. தேர்வில் இருந்து எதிர்ச்சொல் வினாக்கள் 1994 இல் நீக்கப்பட்டன. சி.ஆர்.இ. பொதுத் தேர்வில் அவை 2011 ஆகத்தில் கைவிடப்பட்டன. அவ்வாண்டு அறிமுகமான ஒருவகை வினாவில், தரப்படும் ஆறு சொற்களில் இருந்து வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதனால் மனப்பாடத்தைவிட வாக்கியச் சூழலை அறிவது முதன்மை பெற்றது.

கற்கும் முறை

புதிய ஒருபொருட்சொற்களையோ எதிர்ச்சொற்களையோ ஒரே நேரத்தில் சேர்த்துக் கற்பது குழப்பத்தை ஏற்படுத்தக்கூடும். பொருளால் தொடர்புடைய புதிய சொற்களைச் சேர்த்துக் கற்பது, தொடர்பற்ற சொற்களைக் கற்பதைவிடக் கடினமாக இருந்ததைத் தாமசு டிங்கம் 1993 இல் வெளியிட்ட ஆய்வும், இராபர்ட் வேரிங் 1997 இல் வெளியிட்ட ஆய்வும் காட்டின. இடது, வலது ஆகியவற்றுக்கான சொற்களை ஒரே நாளில் கற்றவர் எது எதற்குரியது எனத் தடுமாறுவது இத்தகையதே.

இக்குழப்பத்தைத் தவிர்க்கப் பின்வரும் வழிகள் உதவும்.

* முதலில் இணையில் மிகுதியாக வழங்கும் சொல்லை நன்கு பயில்தல். அது உறுதியான பின் மற்றதைக் கற்றல்.
* ஒவ்வொரு சொல்லையும் ஒரு முழு வாக்கியத்துடன் எழுதி வைத்தல்.
* ஒத்த சொல்லைக் குறிக்கும்போது வேறுபாட்டையும் ஒரு வரியில் குறித்தல்.
* தெசாரசில் கண்ட புதிய சொல்லைப் பயன்படுத்தும் முன் அகராதியில் அதன் பொருளையும் எடுத்துக்காட்டையும் சரிபார்த்தல்.

இவற்றையும் பார்க்கவும்

* நிகண்டு
* அமரகோசம்
* வேர்ட்நெட்
* அகராதியியல்