ஹிஸ்ரோன் ஆய்வும் மறைக்கப்பட்ட மனிதரும்

கண்டி மஹய்யாவப் பகுதியில் வாழும் நகரசுத்தித் தொழிலாளரின் முன்னோர் பிரித்தானியர் ஆட்சியில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். நகரின் தூய்மையைப் போற்றுவோர் அதனை ஆக்கியோரைச் சாதியின் பெயரால் விலக்கியே வந்துள்ளனர். பயனை ஏற்றுப் பயனளித்தோரை மறைக்கும் இவ்வுறவு அறிவியல் வரலாற்றிலும் காணப்படுவதே. ஹிஸ்ரோன் ஆய்வு அதற்குத் தக்க சான்றாகும்.

1884இல் ஜெர்மானிய அறிஞர் அல்பிரெக்ட் கொசல் வாத்தின் குருதிக்கலங்களிலிருந்து ஹிஸ்ரோனைப் பிரித்தெடுத்தார். மனிதக் கலமொன்றிலுள்ள ஏறத்தாழ 2 மீற்றர் நீளமான டி.என்.ஏ. இப்புரதங்களைச் சுற்றியே கருவினுள் அடங்குகின்றது. எனவே கலம் பிரியுமுன் டி.என்.ஏ. இரட்டிக்கும்போது ஹிஸ்ரோனும் ஈடாகப் பெருகவேண்டும். குறைந்தால் புதிய இழை ஒழுங்காகப் பொதியப்படாது. மிகுந்தால் கலத்துக்கே ஊறு விளையும்.

ஹிஸ்ரோன் உற்பத்தி டி.என்.ஏ. இரட்டிக்கும் கட்டத்தோடு இணைந்தது என்பதை 1967இல் றொபின்ஸ், போறுன் ஆகிய இருவரும் காட்டினர். அதன் பொறிமுறையைப் பிந்திய ஆய்வுகள் தெளிவுபடுத்தின. சைக்கிளின்-ஈ சார்ந்த நொதியம் என்.பி.ஏ.ரி. என்னும் புரதத்தைத் தூண்ட, ஹிஸ்ரோன் பரம்பரையலகுகள் முனைப்புறுகின்றன. ஏனைய தூது ஆர்.என்.ஏ.க்களுக்குரிய பொலி-ஏ வால் இவற்றின் தூதுக்கு இல்லை; அதன் முனையிலுள்ள தண்டு-வளைய அமைப்பைப் பற்றிநிற்கும் புரதமொன்றே அதனைக் காக்கின்றது. இரட்டிப்பு முடிவுற்றதும் தூது விரைந்து அழிகின்றது; காத்த புரதமும் சிதைக்கப்படுகின்றது. தேவையின் தோற்றமும் மறைவுமே உற்பத்தியை நெறிப்படுத்துகின்றன எனலாம்.

1967ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பயன்பட்டவை ஹெலா கலங்கள். இவை 1951இல், இனப்பிரிவினை நிலவிய அமெரிக்காவில், போல்ற்றிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்ற ஹென்றியற்றா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவரது சம்மதமின்றி எடுக்கப்பட்டவை. புகையிலை விளைவித்த குடும்பத்தில் வளர்ந்த அவர் அவ்வாண்டே 31ஆவது வயதில் இறந்தார். கலங்களோ உலகெங்கும் விற்பனைப் பண்டமாயின. இருபதாண்டுகளின் பின்னரே குடும்பத்தினர் இதனை அறிந்தனர். அவரது உரிமையாளர் தொடுத்த வழக்கொன்று 2023இல்தான் இணக்கமாக முடிந்தது.

இதனால் அவ்வாய்வு பொய்யாகிவிடுவதில்லை. பரம்பரையியலையே முதலாளித்துவப் புனைவென ஒதுக்கிய லைசென்கோவின் வழி சோவியத் அறிவியலுக்கு இழைத்த தீங்கை மார்க்சியர் மறத்தலாகாது. மஹய்யாவத் தொழிலாளரிடம் பெறப்பட்டது உழைப்பு. லாக்ஸிடம் பெறப்பட்டது உடலின் ஒரு கூறு. வேறுபாடு உண்டு. ஆயினும், பெறப்பட்டது யாரிடமிருந்து என்ற வினாவைத் தவிர்க்கும் வரலாறு, நகர வரலாறாயினும் அறிவியல் வரலாறாயினும், பாதி வரலாறே.