தியத்தலாவை: முள்கம்பியும் துண்டும்

போயர் யுத்தத்தில் (1899–1902) பிடிபட்டவர்களை வெள்ளை அரசு கடல்கடந்து கொண்டுபோய் அடைத்தது. செயின்ட் ஹெலினா, பெர்முடா, இலங்கை, இந்தியா என்று பல இடங்கள். நம்ம திருச்சியிலும் நீலகிரியில் கேத்தியிலும்கூட முகாம்கள் இருந்தன. இலங்கைக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். பெரும்பாலோர் ஊவா மலையிலுள்ள தியத்தலாவையில் வைக்கப்பட்டார்கள். 1900 ஆகஸ்டில் முதல் தொகுதி வந்தது. 1902 மே 31 சமாதானத்தோடு முகாமின் கதை முடிந்தது.

இரண்டே வருஷம்தான். ஆனால் அதைப் பற்றிய பதிவுகளுக்குப் பஞ்சமில்லை. தகரக் கொட்டகைகள், கைதிகள் மரத்தில் செதுக்கிய சாமான்கள், அவர்களே நடத்திய பத்திரிகை. அதன் பெயருக்கு டச்சு மொழியில் ‘முள்கம்பி’ என்று அர்த்தம். செத்தவர்களுக்கு நினைவுச்சின்னமும் உண்டு.

சரி, முகாமைச் சுற்றி யார் இருந்தார்கள்? அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவிலுள்ள இடம் அது. அப்புத்தளைப் பக்கம் தம்பதென்னையில் 1890இலேயே லிப்டன் தேயிலைத் தொழிற்சாலை கட்டியாயிற்று. சரிவெல்லாம் லயங்கள். அவற்றில் நம் ஜனங்கள்.

போர்க்கைதிக்கு ஒரு கணக்கு உண்டு. யுத்தம் முடிந்தால் வீடு. அதற்கு ஆங்கில மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கணும், அவ்வளவுதான். (எடுக்க மறுத்த எங்கல்பிரெக்ட் என்பவர் இலங்கையிலேயே தங்கி யால காட்டின் முதல் காவலரானார். 1914இல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன் கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற வதந்தியில் மறுபடி உள்ளே போட்டுவிட்டார்கள்.)

லயத்துக்காரருக்கு இருந்த கணக்கே வேறு. கங்காணியிடம் பட்ட கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. கடன் இவ்வளவு, கட்டினால் விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக்கொடுக்கும் ‘துண்டு’ கையிலிருந்தால்தான் அடுத்த தோட்டம் சேர்த்துக்கொள்ளும். சொல்லாமல் போனால் 1865ஆம் வருஷத்து 11ஆம் சட்டப்படி ஜெயில். துண்டு முறையை ஒழித்தது 1921இல். முள்கம்பி எதற்கு? கடுதாசியே போதுமாயிருந்தது. சிறை என்றதும் மதிலையும் காவல் கோபுரத்தையும் தேடுகிற நம் கோட்பாட்டாளர்கள் இந்தக் கடுதாசியை இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

போயர்களின் துயரத்தைச் சிறுமைப்படுத்துவதல்ல நோக்கம். அவர்களுடைய பெண்களும் குழந்தைகளுமாக 26,000 பேருக்கு மேல் தென்னாப்பிரிக்க முகாம்களில் செத்திருக்கிறார்கள். ஆனால் அடைபட்டவர் அடைக்கிறவராக மாற எவ்வளவு காலம் பிடித்தது? 1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவாகிறது. பிரதமர் போத்தா, அமைச்சர் ஸ்மட்ஸ் இருவருமே போயர் தளபதிகள். 1913இல் நேட்டால் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்திய ஒப்பந்தக் கூலிகள், அவர்களில் ஏராளமான தமிழர்கள், வேலைநிறுத்தம் செய்தபோது அந்த அரசு சுரங்கக் குடியிருப்புகளையே சிறைகளாக அறிவித்தது. சுரங்கத்து வெள்ளைக்காரச் சிப்பந்திகள் சிறைக் காவலர்களானார்கள். விதிக்கப்பட்ட தண்டனை, அதே நிலக்கரியை வெட்டுவது.