திருவொற்றியூர்க் கோயிலில் தெய்வங்களின் பங்கு

வடசென்னையில் எர்ணாவூருக்குத் தெற்கே, கடலையொட்டி அமைந்த ஊர் திருவொற்றியூர். இங்குள்ள தியாகராசர் கோயில் தேவாரப் பாடல் பெற்ற பழந்தலமாகும். ஒரே வளாகத்தில் பல தெய்வங்கள் வழிபடப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்த பங்கு உண்டு. அவற்றுள், இறைவன் மகிழமரத்தடியில் சூளுக்குச் சாட்சியாக நின்றதாகக் கூறப்படும் மரபு சிறப்பானது.

தெய்வங்களும் பணிகளும்

மூலவர் ஆதிபுரீசுவரர். புற்று வடிவில் விளங்குவதால் புற்றிடங்கொண்டார் என்றும் அழைக்கப்படுகிறார். ஆண்டு முழுவதும் இவர்மீது கவசம் சார்த்தப்பட்டிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாட்கள் மட்டுமே அது நீக்கப்படும். மூலவர் இடம்பெயராதவர்; விழாக்காலங்களில் உலா வருபவர் தியாகராசர். வடிவுடையம்மன் அருள் வடிவினள். வட்டப்பாறையம்மன் உக்கிரம் மிக்க காளி. அவ்வுக்கிரத்தை ஆதிசங்கரர் தணித்தார் என்பது தலமரபு.

கருவறை விமானம் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் (1014–1044) கருங்கல்லால் எடுக்கப்பட்டது. மடத்தலைவர் சதுரானன பண்டிதரின் முயற்சியால் இப்பணியைச் செய்தவர் இரவி என்னும் வீரசோழத் தச்சன் எனக் கல்வெட்டு கூறுகிறது.

மகிழடிச் சூள்

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் இவ்வூர் நிகழ்ச்சியொன்றை விரிவாகக் கூறுகிறது. திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், ஒற்றியூரில் இறைவனுக்குப் பூமாலை தொடுத்துவந்த சங்கிலியாரை மணக்க விரும்பினார். பிரிந்து செல்வதில்லை என்று அவர் சூளுரைக்க வேண்டியதாயிற்று. சந்நிதியில் சூளுரைக்கும்போது இறைவன் அங்கிராமல் மகிழமரத்தடியில் இருக்க வேண்டும் எனச் சுந்தரர் வேண்டினார். இறைவனும் இசைந்தார், ஆனால் மகிழின்கீழ்ச் சூள் பெறுமாறு சங்கிலியாரின் கனவில் உணர்த்திவிட்டார். வேறு வழியின்றிச் சுந்தரர் அம்மரத்தடியிலேயே சூளுரைத்தார்.

பின்னர் ஆரூர் வசந்த விழாவை நினைந்து ஊரெல்லையைக் கடந்ததும் இரு கண்களும் ஒளியிழந்தன. காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறுகண்ணும் பெற்றார் என்கிறது புராணம். ‘தம்பிரான் தோழர்’ என்று போற்றப்பட்டவருக்கும் இறைவன் விலக்கு அளிக்கவில்லை. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கே முன்நின்றது.

டொடோனாவின் ஓக் மரம்

பண்டைக் கிரேக்கத்தின் வடமேற்கில் இருந்த டொடோனாவும் மரத்தோடு இணைந்த புனிதத்தலமே. அங்குச் சீயஸ், டயோனி ஆகிய தெய்வங்கள் வழிபடப்பட்டனர். ஓக் மரத்தின் சலசலப்பில் சீயஸின் குரல் கேட்பதாக நம்பினர். திருமணம், குழந்தைப்பேறு, பயணம் முதலியவை பற்றி மக்கள் எழுதிய வினாக்கள் ஈயத் தகடுகளில் கிடைத்துள்ளன.

இரு தலங்களிலும் மரம் தெய்வத்தின் இருப்பிடமாகிறது. எனினும் டொடோனாவில் மனிதர் வினவ, தெய்வம் விடையளித்தது. ஒற்றியூரில் மனிதர் சொல்லளிக்க, தெய்வம் அதனைக் காத்தது. சூளைக் காக்கும் கடமை கிரேக்கரிடமும் சீயஸுக்கு உரியதே. ஒலிம்பியாவில் போட்டியாளர்கள் அவர் சிலைமுன் உறுதிமொழி எடுத்தனர்.

தொடரும் மரபு

இரண்டாம் இராசாதிராசன் காலக் கல்வெட்டொன்று, பங்குனி உத்திர விழாவில் மகிழின்கீழ் ஆளுடைய நம்பியின், அதாவது சுந்தரரின், புராணத்தை மன்னன் கேட்டதைக் குறிப்பிடுகிறது. இன்றும் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நடைபெறுகிறது. சங்கிலியார் பெற்ற சூள் இவ்விழாவில் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது.