உறங்காத மருத்துவர்கள்

ஆசிரியனாக இருந்த காலத்தில், வகுப்பிற் கண்ணயரும் மாணவனைக் கண்டால் எழுப்பி நிற்கவைப்பது என் வழக்கம். பகலுறக்கம் சோம்பலின் பிள்ளை என்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழை என்பதை மருத்துவக் கல்வியின் வரலாறு எனக்குக் கற்பித்தது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1889-ஆம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே அறுவை மருத்துவத் தலைவராக விளங்கிய வில்லியம் ஹால்ஸ்டெட் என்பார் புதியதொரு பயிற்சிமுறையை வகுத்தார். இளமருத்துவர் மருத்துவமனையிலேயே குடியிருந்து, இரவு பகல் பாராது நோயாளரைப் பேணுதல் வேண்டும் என்பது அம்முறை. சிறந்த அறுவை வல்லுநர் பலர் அதனால் உருவாயினர். ஆயின், உறக்கத்தை வெல்வதே மருத்துவனுக்கு அழகு என்னும் கொள்கையும் உடன் வளர்ந்தது. அதனை வகுத்த ஹால்ஸ்டெட்டோ, மரப்பு மருந்தாகக் கொக்கேயினைத் தம்மீதே சோதித்து அதற்கு அடிமையானவர்!

கொள்கையை ஆய்வு உரைத்துப் பார்த்தது. உறக்கமிழந்த பயிற்சி மருத்துவர்கள், இதயத் துடிப்பின் மின்வரைபடங்களைப் படிப்பதில் மிகுதியான பிழை செய்தனர் என 1971-இல் ஓர் ஆய்வு காட்டியது. எனினும் வழக்கம் மாறவில்லை.

1984 மார்ச்சில், நியூயார்க்கில் 18 வயதுக் கல்லூரி மாணவி லிபி சயான் காய்ச்சலோடு இரவில் மருத்துவமனை சேர்ந்தாள். மறுநாட் காலையில் உயிர் நீத்தாள். அவள் உட்கொண்டுவந்த மருந்தோடு ஒவ்வாத மருந்தொன்று அங்கே அளிக்கப்பட்டிருந்தது. கவனித்த பயிற்சி மருத்துவர்களோ நெடுநேரம் பணியிலிருந்தவர்கள். பிற நோயாளர் பலரும் அவர்கள் பொறுப்பில் இருந்தனர். தந்தையார் வழக்கறிஞர், பத்திரிகையாளர். அவர் ஓயாது போராடினார். அதன் பயனாக 1989-இல் நியூயார்க் மாநிலம், வாரத்திற்கு 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி என்று பணிக்கு வரம்பு கட்டியது. 2003-இல் 80 மணி வரம்பு நாடு முழுவதற்கும் விதியாயிற்று.

இதனால் எல்லாம் சீராயிற்று எனக் கூறிவிட இயலாது. பணி மாறுந்தோறும் நோயாளர் கைமாறுகின்றனர். அங்கே செய்தி நழுவுவதும் உண்டு. அமர்ந்து படிக்கையில், வண்டியிற் செல்கையில் என எட்டு நிலைகளில் உறக்கம் வருமா என்று வினவிப் பகலுறக்கத்தை அளக்கும் முறையொன்றை, மெல்போர்ன் மருத்துவர் மரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்டார். 24-க்குப் பத்தினும் மிகுந்தால் கவலைக்குரியது. மருத்துவ மாணவரை அதனால் அளந்த ஆய்வுகள் பல நாடுகளில் நடந்துள்ளன.

மாணவர்களே! மருத்துவராகும் ஆவல் உங்களுட் பலருக்கு உண்டு. விழித்திருத்தலைப் பெருமையாகக் கொள்ளாதீர்கள். பிறர் உயிரைக் காக்கும் கைக்கு உறக்கமும் ஒரு கடமையே. அன்று நான் நிற்கவைத்த மாணவனிடம், 'இரவு உறங்கினாயா?' என்று ஒருமுறையேனும் கேட்டிருக்கலாம்.