கேரள வறுமை ஆய்வு (1975)

திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் ஐக்கிய நாடுகள் சபைக்காகத் தயாரித்த ஆய்வு. அப்போதைய கேரள முதல்வர் அச்சுத மேனோன் ஆதரவுடன் பொருளியலாளர் கே. என். ராஜ் தொடங்கிய மையம் இது.

வருமானக் கணக்குப்படி அன்றைய கேரளம் ஏழை மாநிலம். ஆனாலும் சிசு மரணம் குறைவு, எழுத்தறிவு அதிகம். இந்த முரணுக்கு விடை தேடிய ஆய்வாளர்கள் அடுப்படிவரை போனார்கள் என்றே சொல்ல வேண்டும். அரிசியை மட்டும் எண்ணினால் கேரளத்தார் அரைப்பட்டினி. மீன்குழம்போடு உண்ணும் அவித்த மரச்சீனிக் கிழங்கையும் தேங்காயையும் சேர்த்தால் கணக்கே மாறுகிறது.

ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், நிலச்சீர்திருத்தம் ஆகியவை வருமானம் உயரும்வரை காத்திராமல் ஏழையின் ஆயுளைக் கூட்டும் என்பதை ஆய்வு எடுத்துக்காட்டியது. அமர்த்தியா சென் உள்ளிட்டோர் கேரள அனுபவத்தை உலக விவாதத்துக்குக் கொண்டுசென்றனர். இதே பார்வையில், 1990-இல் ஐக்கிய நாடுகள் சபையின் முதல் மனித மேம்பாட்டு அறிக்கை ஆயுளையும் கல்வியையும் வருமானத்தோடு சேர்த்தே அளந்தது.

இதே மையம் 1998-இல் கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பையும் தொடங்கியது.