தாழ்வாரம் திரும்பி வந்த தெரு

காரிமங்கலத்தில் எங்கள் பாட்டி வீட்டுக்கு ஒரு திண்ணை இருந்தது. சந்தைக்கு வந்தவர்கள் வெயில் தாழும்வரை அதில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். வீட்டை இடித்துக் கட்டினபோது யாருக்கும் ஒரு போட்டோ எடுத்து வைக்கத் தோன்றவில்லை. இப்போது அந்தத் திண்ணை எவ்வளவு நீளம் என்று கேட்டால் அண்ணன் ஒன்று சொல்கிறார், அத்தை வேறொன்று சொல்கிறார். இத்தனைக்கும் அது இடிந்து முப்பது வருஷம்கூட ஆகவில்லை.

இந்த உறுத்தலோடுதான் புதுச்சேரி வைசியாள் வீதிக்குப் போனேன். புதுச்சேரி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாக இருக்கும் பிரெஞ்சுப் பகுதி. நான் சொல்லப்போவது வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தமிழ்ப் பகுதியைப் பற்றி.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1693 முதல் 1699 வரை புதுச்சேரி டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. நேர்க்கோட்டுத் தெருக்கள் கொண்ட நகர அமைப்புக்கு வரைபடம் போட்டவர்கள் அவர்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பின்பற்றி ஊரை வளர்த்தார்கள். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் நகரைப் பிடித்து, அதைத் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு, 1765இல் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தது. அப்போது ஆளுநராக இருந்த லா தெ லொரிஸ்தோன் பழைய தெரு அமைப்பின் மேலேயே ஊரைத் திரும்பக் கட்டினார். கட்டிடங்கள் போனாலும் தெருக்களின் அமைப்பு மிஞ்சியதால், ஊர் தன் பழைய உருவத்துக்கு வர முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இப்படி எழுந்த ஊரில் இரண்டு வகை வீடுகள் உண்டு. பிரெஞ்சு வீடு தெருவுக்கு முதுகைக் காட்டும்: உயரமான மதில், பெரிய கேட், உள்ளே தோட்டம். தமிழ் வீடு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். வாசலில் மரத்தூண் நட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம், அது வழிப்போக்கருக்கு. அடுத்து திண்ணை, அது விருந்தாளிக்கு. செதுக்கிய கதவைத் தாண்டினால் முற்றம், அது வீட்டாருக்கு. வசதி வந்தபோது பலர் மேலே மாடி எடுத்தார்கள். அந்த மாடியில் வளைவு ஜன்னலும் பிரெஞ்சுப் பாணித் தூண்களும் வந்து சேர்ந்தன. கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. இந்தக் கலப்பு வீடுதான் புதுச்சேரியின் தனி அடையாளம் என்பது என் எண்ணம்.

ஆனால் இந்த வீடுகளைக் காப்பாற்ற ஒரு சட்டம் போதாது. தொல்லியல் துறை, நினைவுச் சின்னம் என்று அறிவித்ததைத்தான் பாதுகாக்கும். நாலு பங்காளிகளுக்குச் சொந்தமான, ஒழுகுகிற ஒரு வீட்டை யார் பார்ப்பார்கள்?

அந்த இடத்தில்தான் இன்டாக் வருகிறது. கலை, பண்பாட்டுப் பாரம்பரியத்துக்கான இந்திய தேசிய அறக்கட்டளை. 1984இல் டெல்லியில் பதிவான, லாப நோக்கமில்லாத அமைப்பு. அதன் புதுச்சேரிக் கிளை செய்த அடிப்படை வேலை, பட்டியல் போட்டது. தெருத் தெருவாகப் போய், பாரம்பரிய மதிப்புள்ள கட்டிடங்கள் என்று ஏறத்தாழ 1,800 கட்டிடங்களைப் பதிவு செய்தார்கள். சாஃப்ட்வேர்காரன் பாஷையில் சொன்னால், என்ன இருக்கிறது என்று தெரியாத சிஸ்டத்தைப் பராமரிக்கவே முடியாது.

அடுத்தது வைசியாள் வீதி. கல்வே சுப்பராயச் செட்டியார் வீதி என்றும் சொல்வார்கள். 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா அர்ப்ஸ்' திட்டத்தில் நிதி கிடைத்தது. இத்தாலியின் உர்பினோ, பிரான்ஸின் வில்ஃபிரான்ஷ் தெ ரூவெர்க் என்ற இரண்டு பழைய ஊர்களும் இதில் புதுச்சேரியோடு கைகோத்தன. தனித்தனியாக ஒரு மாளிகை, ஒரு கோயில் என்று எடுக்காமல், தெருவின் ஒரு பகுதியை மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். வீடுகளின் முகப்பைச் சீரமைத்து, காணாமல் போயிருந்த தாழ்வாரங்களைத் திரும்ப வைத்தார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் இந்தத் தெருவுக்கும் ஓர் இடம் கிடைத்தது.

விருதைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது வேறு. தாழ்வாரம் என்பது ஒரு வீட்டு விஷயமே இல்லை. ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் அது வெறும் ஓட்டுச் சாய்ப்பு. வரிசையாக இருந்தால்தான் நிழலில் நடக்கிற நடைபாதை. அதனால் ஒருவரை மட்டும் சம்மதிக்க வைத்துப் பிரயோஜனமில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் சரி சொல்ல வேண்டும். நம்ம ஊரில் இது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்!

இதைப் படித்து, புதுச்சேரி ஜெயித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பட்டியலில் இருந்தவற்றில் பல நூறு கட்டிடங்கள் இன்று இல்லை. கடற்கரையில் 1870-71இல் கட்டிய மேரி கட்டிடம், அதாவது பழைய நகர மண்டபம், 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. மரச்சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாகப் போட்ட பழைய தளங்களுக்கு முதல் எதிரி தண்ணீர். சட்டத்தின் முனை சுவருக்குள் ஊறி மட்கினால் வெளியே தெரியாது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் மழை நிற்குமா என்ன? பிறகு உலக வங்கி நிதியில், பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அது நகல். காலத்தோடு ஓடு மாற்றி, ஒழுகலை அடைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு இதில் எத்தனையில் ஒரு பங்கு என்று யோசித்துக்கொண்டே அதன் முன்னால் நின்றேன்.

சரி, இதெல்லாம் காரிமங்கலத்துக்கு எதற்கு? எங்களுக்கு பிரெஞ்சுக்காரரும் இல்லை, ஐரோப்பிய நிதியும் இல்லை. தருமபுரி பக்கத்தில் பாரம்பரியம் என்றால் அதியமான்கோட்டைக் கோயில் ஓவியங்களைச் சொல்வோம், தருமபுரிக் கோட்டை காமாட்சியம்மன் கோயிலின் அடித்தளத்தில் இருக்கிற ராமாயணச் சிற்பங்களைச் சொல்வோம், நடுகற்களைச் சொல்வோம். அவை கல். கேட்பாரற்றுக் கிடந்தாலும் கொஞ்ச காலம் தாங்கும். மண்சுவரும் நாட்டு ஓடும் திண்ணையுமான வீடு பத்து மழைக்காலம் ஆள் இல்லாமல் கிடந்தால் போயே போய்விடும். அதை யாரும் பட்டியலில்கூடச் சேர்ப்பதில்லை.

எல்லா வீட்டையும் இடிக்காதே என்று நான் சொல்ல முடியாது. அதில் குடியிருப்பவருக்குத்தான் ஒழுகுகிற கூரையின் அருமை தெரியும். ஆனால் இடிக்கிறதுக்கு முன்னால் ஒரு மணி நேரம் செலவழிக்கலாம். வரைபடம் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு 1765 ஒரு சாட்சி.

போன முறை ஊருக்குப் போனபோது ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் இறங்கினேன். திண்ணையோடு இருப்பவை நாலே வீடுகள். "என்ன தம்பி, ரோடு அகலப்படுத்தப் போறாங்களா?" என்றார் ஒரு பெரியவர். இல்லைங்க ஐயா, சும்மா அளந்து வைக்கிறேன் என்றேன். சிரித்தார். அப்புறம் டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். அவர் வீட்டுத் திண்ணை ஒன்பதடி நாலங்குலம்.