யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பறவையொலிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கேட்கும் பறவையொலிகள், தென்னிலங்கை ஈரவலயக் காடுகளில் கேட்பவற்றிலிருந்து பெரிதும் வேறானவை. மலையும் பெருங்காடும் இல்லாத இந்த வரண்ட நிலத்தின் பனங்கூடலும் பற்றையும் தோட்டமும் கடனீரேரியும் தமிழகக் கரையோரத்தையே ஒத்தவை, பறவைகளும் அப்படியே. கவுதாரி இதற்குச் சிறந்த சான்று. இலங்கையில் இது வடக்கு, வடமேற்குக் கரையோரங்களோடு நின்றுவிடுகிறது. விடியற்காலையில் ஒரு பற்றையிலிருந்து ஒன்று உரத்துக் கூவத் தொடங்கினால், சுற்றியுள்ள பற்றைகளிலிருந்து மற்றவை மறுகுரல் கொடுக்கும்.

ஆயினும் குடாநாட்டின் குரல் என்றால் குயிலின் குரல்தான். பங்குனியில் வேம்பு பூக்கும்போது தொடங்கி, மாம்பழக் காலம் முழுவதும் கேட்கும். கூவுவது கரிய ஆண். ஒவ்வொரு கூவலும் முந்தியதைவிட மேலேறி, உச்சத்தில் சட்டென அறுந்து, சற்று இடைவெளிவிட்டு மீண்டும் அடியிலிருந்து தொடங்கும். புள்ளிகள் நிறைந்த பெண்குயில் இப்படிக் கூவாது. 'கிக், கிக்' என்று விரைந்து கத்தும். அது முட்டையிடுவது காகத்தின் கூட்டில். காகங்களிடையே வளர்ந்த குஞ்சும் பெரிதானபின் குயிலாகவே கூவுகிறது. பாடும் பறவைகள் பல தம் இனத்தாரைக் கேட்டே பாட்டைக் கற்கின்றன; குயிலுக்கோ கூவல் பிறப்பிலேயே அமைந்தது. பறவையியலில் இதைவிட வியப்பான செய்திகள் சிலவே.

கூட்டுக்கு உரிய காகத்துக்கும் மனிதரோடு பேச்சுத் தொடர்பு உண்டு. அது வேலியிலிருந்து விடாமல் கத்தினால் விருந்தாளி வருவார் என்பது வழக்கு. புரட்டாதிச் சனி விரதகாரர் இலையில் சோறு வைத்து, 'கா, கா' என்று கூப்பிட்டு, காகம் உண்டபின்பே தாம் உண்பர்.

வயல்வெளியில் இரவில் ஆள் நடமாடினால் ஆட்காட்டி கத்திக் காட்டிக்கொடுக்கும். வேலியோரப் புதரிலிருந்து செண்பகம் ஆழ்ந்த குரலில் 'உக், உக்' என்னும். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி மாரியில் வரும் ஆறுமணிக்குருவி காலையிலும் மாலையிலும் சீழ்க்கையடித்து, சித்திரை மாதத்தோடு பெரும்பாலும் திரும்பிவிடுகிறது.

பனை உழவாரனின் மெல்லிய கீச்சொலி பனையோலைக்கு உரியது. இறகுகளை எச்சிலால் ஓலையில் ஒட்டிக் கூடமைக்கும் பறவை இது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டது இதற்கும் நேர்ந்த இழப்பே. கடனீரேரிகளின் நீர்ப்பறவைகளுக்கோ போருக்கு முன்னரே ஒரு புகலிடம் சட்டப்படி கிடைத்தது: 1938இல் சரணாலயமான சுண்டிக்குளம் கடனீரேரிப் பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது.